சுட்ட தோட்டா குழலை விட்டு வரவில்லையா?



நெல், மணிலா, பம்பு செட்டு என்று கேட்டுப் பழகிய நேரத்தில் இன்று இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பற்றிப் பேசப்போகிறேன். "விவசாயத்துக்கும் துப்பாக்கிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. மீஞ்சூர், வல்லூர், அத்திப்பட்டுப் பக்கத்துப் பழைய குடும்பங்கள் சிலவற்றில் தாத்தா காலத்து 12 போர் துப்பாக்கி இன்னும் லைசென்சோடு இருக்கிறது. அதே பகுதியைச் சேர்ந்த, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பிள்ளைகள் ராயபுரம், திருவொற்றியூர் வங்கிகளில் அதே மாதிரித் துப்பாக்கியோடு காவல் நிற்கிறார்கள். இரண்டு தரப்பாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். சுட்ட பிறகு காலித் தோட்டா வெளியே வராமல் குழலிலேயே ஒட்டிக்கொள்கிறது, என்ன செய்வது?

கேள்வி சின்னதுதான். ஆனால் இதற்கு ஊரில் நடக்கிற வைத்தியம் இருக்கிறதே, அதுதான் பயமாக இருக்கிறது. ஒருத்தர் வாய்ப்பக்கமாக இரும்புக் கம்பியை விட்டுச் சுத்தியால் தட்டுகிறார். இன்னொருத்தர் ஸ்க்ரூ டிரைவரால் பின்பக்கம் நெம்புகிறார். தோட்டா வந்துவிடுகிறது, அதோடு குழலில் கோடும் விழுந்துவிடுகிறது. அடுத்த தோட்டா அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இன்னும் இறுக்கமாக நிற்கும். இது போகட்டும். உள்ளே இருப்பது காலித் தோட்டாதானா என்று பார்க்காமலே தட்டுகிறார்களே, அதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியே திறக்கவில்லை என்பது ஒன்று. துப்பாக்கி திறக்கிறது, தோட்டா மட்டும் வரவில்லை என்பது வேறொன்று. திறக்கவே மாட்டேன் என்கிறதென்றால், பெரும்பாலும் சுடும் ஊசி முன்னால் நீண்டபடியே நின்று, தோட்டாவின் பின்பக்க நடுவில் இருக்கிற கேப்பின் குழியில் மாட்டியிருக்கும். ஊசியின் ஸ்பிரிங் ஒடிந்தாலோ அழுக்கு அடைந்தாலோ இப்படி ஆகும். அப்போது குழலை முழங்காலில் வைத்து மடக்குவது, தரையில் குத்துவது எல்லாம் கூடாது. அடுத்த குழலில் சுடாத தோட்டா இருக்கலாம், மறந்துவிடாதீர்கள். சேஃப்டி போட்டிருக்கிறோமே என்று தைரியம் சொல்வீர்கள். பெரும்பாலான இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் அந்த சேஃப்டி விசையை மட்டும்தான் பூட்டும், உள்ளே இருக்கிற குதிரையைப் பிடித்து வைக்காது. வாயை ஆளில்லாத பக்கம் வைத்து, மேல் லீவரை முழுவதும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குழலை மெதுவாகக் கீழே அழுத்திப் பாருங்கள். வரவில்லையா, அதோடு நிறுத்திவிட்டு லைசென்ஸ் பெற்ற பழுது பார்ப்பவரை வீட்டுக்கே வரவழையுங்கள். தோட்டா ஏறிய துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற வேலை வேண்டாம்.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "என் துப்பாக்கி காலித் தோட்டாவைத் தூக்கி எறியவில்லை, பழுதா?" என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாத் துப்பாக்கியும் எறியாது. எஜக்டர் வைத்த துப்பாக்கிதான் சுட்ட தோட்டாவை வெளியே எறியும். நம் ஊரில் அதிகம் இருப்பது எக்ஸ்ட்ராக்டர் மட்டும் வைத்தது. அது தோட்டாவைக் கால் அங்குலம் போல வெளியே தள்ளும், மிச்சத்தை நம் விரல்தான் இழுக்க வேண்டும். விரலால் சுலபமாக இழுக்க வருகிறதென்றால் துப்பாக்கி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, துப்பாக்கி திறந்துவிட்டது, தோட்டா வரவில்லை. பொறுமையாக ஒரு நிமிஷம் நில்லுங்கள். விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டாவாக இருந்தால், திறப்பதற்கு முன்பே வாயை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி அரை நிமிஷமாவது காத்திருந்திருக்க வேண்டும். தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டு. திறந்த பிறகு மற்றக் குழலின் தோட்டாவை எடுத்துவிடுங்கள். முன்கட்டையைக் கழற்றி, குழல்களைப் பின்பகுதியிலிருந்து பிரித்து எடுத்துவிடுங்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது வெறும் குழல். அதில் குதிரையும் இல்லை, ஊசியும் இல்லை. பாதி ஆபத்து போய்விட்டது.

பாக்கிப் பாதி என்னவென்றால், உள்ளே இருப்பது உண்மையிலேயே சுட்ட தோட்டாவா என்பது. கேப்பில் குழி விழுந்திருக்கிறது, அதனால் சுட்டதுதான் என்று முடிவு கட்டாதீர்கள். ஊசி குத்தியும் வெடிக்காத தோட்டாவிலும் குழி இருக்கும். இதற்குச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. 12 போர் குழலின் உள்ளளவு ஏறக்குறைய 18½ மில்லிமீட்டர், வாய்ப்பக்கம் சோக் இருந்தால் இன்னும் ஒரு மில்லிமீட்டர் குறையும். ஆகவே 15 மில்லிமீட்டர் கனத்தில், குழலைவிட ஒரு முழம் நீளமாக, வழவழப்பாக இழைத்த மரக்கோல் ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். தச்சரிடம் சொன்னால் பத்து நிமிஷ வேலை. குழலை மெத்தை மேல் படுக்க வையுங்கள். கேப்பு எதன் மேலும் படக்கூடாது. இரண்டு முனைக்கும் நேரே நிற்காமல், பக்கவாட்டில் நின்று, வாய்ப்பக்கமாகக் கோலை மெதுவாக விட்டு, அது நிற்கிற இடத்தில் வாயோரம் கோலின் மேல் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பிறகு கோலை வெளியே எடுத்து, குழலின் மேலேயே வெளிப்புறமாக வைத்து அளந்து பாருங்கள். கோலின் முனை குழலின் பின்பக்க விளிம்புக்கு அரை அங்குலம் கிட்டத்தில் வந்தால் உள்ளே காலி. இரண்டு அங்குலத்துக்கு மேல் முன்னாலேயே நின்றுவிட்டதா, உள்ளே மருந்தும் ரவையும் அப்படியே இருக்கிறது. அதைத் தொடாதீர்கள், தட்டாதீர்கள். அது டீலர் வேலை. இன்னும் முன்னால், குழலின் நடுவிலேயே கோல் நிற்கிறதென்றால், அங்கே தக்கை அடைத்திருக்கிறது. "டப்" என்று வழக்கத்துக்குக் குறைவாகச் சத்தம் கேட்டிருந்தால் இதை எதிர்பார்க்கலாம். அப்படியே அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். பிளப்பது இடது கை பிடித்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் என்பதை நினைவில் வையுங்கள்.

காலித் தோட்டாதான் என்று உறுதியானால், விளிம்பைச் சுற்றி மண்ணெண்ணெயும் மெஷின் எண்ணெயும் கலந்து இரண்டு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அதே மரக்கோலை உள்ளங்கையால் அழுத்தினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் மரச்சுத்தியால் லேசாகத் தட்டலாம். இரும்பு வேண்டவே வேண்டாம்.

வந்த தோட்டாவைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஏன் ஒட்டிக்கொண்டது என்பதற்குச் சாட்சி அதுதான். வெளிச்சத்தில் வைத்து நாலு இடத்தைப் பாருங்கள்.

விளிம்பு ஒரு பக்கம் மட்டும் நசுங்கியோ கிழிந்தோ இருந்தால், எக்ஸ்ட்ராக்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது, குழல்தான் தோட்டாவை விட மறுத்திருக்கிறது. விளிம்பில் காயமே இல்லாமல் எக்ஸ்ட்ராக்டர் மட்டும் வழுக்கி மேலே வந்திருந்தால், தேய்ந்திருப்பது எக்ஸ்ட்ராக்டர், அல்லது அதன் கால் ஓடுகிற துளையில் அழுக்கு. உலோக அடிப்பாகத்தில் நீளவாட்டில் கீறலும் பழுப்புப் பொடியும் தெரிந்தால் சேம்பரில், அதாவது தோட்டா உட்காரும் அறையில், துரு. கேப்பு தட்டையாகப் பரவி, அடிப்பாகம் உப்பியிருந்தால் அழுத்தம் மிஞ்சிப் போயிருக்கிறது. அது தோட்டாவின் குற்றமாகவும் இருக்கலாம், துப்பாக்கிக்குப் பொருந்தாத தோட்டாவாகவும் இருக்கலாம். கடைசியாக, எந்தக் குழலில் ஒட்டியது என்று குறித்துக்கொள்ளுங்கள். எப்போதும் வலது குழல்தானென்றால் ஆச்சரியப்பட வேண்டாம். முன் விசை சாதாரணமாக வலது குழலுக்கு. நாம் முதலில் இழுப்பதும் அதைத்தான். ஆகவே புகையும் அழுக்கும் அங்கேதான் அதிகம். இரண்டு குழலிலும் ஒரே மாதிரி ஒட்டினால், தோட்டாவை மாற்றிப் பார்க்க வேண்டும்.

நம் பகுதியில் முதல் குற்றவாளி துரு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் சைக்கிள் செயின் எத்தனை நாளில் சிவக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கடல் காற்றில் உப்பு, அத்திப்பட்டுப் பக்கம் உப்பளம், போதாததற்குப் புகைபோக்கிகளின் கந்தகப் புகை. மூன்றும் சேர்ந்தால் எஃகுக்கு ஆயுள் குறைவு. குழலின் உள்ளே கண்ணாடி மாதிரி மின்னுகிறதே என்று ஏமாறாதீர்கள். குழலைப் பார்க்கிறோம், சேம்பரைப் பார்ப்பதில்லை. சுடும்போது தோட்டாவின் சுவர் உப்பி சேம்பரோடு ஒட்டி, உடனே சுருங்கிவிட வேண்டும். சேம்பரில் துருக்குழி இருந்தால், உப்பிய பிளாஸ்டிக்கும் பித்தளையும் அந்தக் குழிக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். அடிப்பாகம் பித்தளையாக இல்லாமல், பித்தளை முலாம் பூசிய இரும்பாக இருந்தால் இன்னும் மோசம். பித்தளை சுருங்குகிற அளவுக்கு அது சுருங்குவதில்லை. காந்தத்தை வைத்தால் எது என்று தெரிந்துவிடும்.

இந்தத் துரு எப்போது பிடிக்கிறது? சுடும் காலத்தில் அல்ல, சும்மா இருக்கும் காலத்தில். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கிக் காவலர் போன்றோருக்கு விலக்குக் கிடைப்பது உண்டு. 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16-ல் அறிவிப்பு, ஜூன் 4-ல் ஓட்டு எண்ணிக்கை. கிட்டத்தட்ட மூன்று மாதம் துப்பாக்கி நம் கையில் இல்லை. கொடுக்கும் அன்றைக்கு அவசர அவசரமாக உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்த பிறகு நேரே சுவரில் மாட்டிவிட்டால் என்ன ஆகும்? தோல் உறையும் கம்பளி உறையும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கொடுப்பதற்கு முன் சேம்பரைத் துடைத்து, மெஷின் எண்ணெய் தடவிக் கொடுங்கள். வந்ததும் அன்றைக்கே பிரித்துப் பாருங்கள். நல்லெண்ணெய் தடவுகிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. நல்லெண்ணெய் தோசைக்கு நல்லது. இரும்பில் அது நாளடைவில் பிசினாக உறைந்துவிடும், அந்தப் பிசினே தோட்டாவைப் பிடித்துக்கொள்ளும்.

துப்பாக்கிக்குச் சொன்னது தோட்டாவுக்கும் பொருந்தும். காவலர்கள் தோட்டாவைத் தோல் பெல்ட்டிலேயே வருஷக் கணக்கில் சொருகி வைத்திருக்கிறார்கள். தோல் பதனிட்ட சரக்கு பித்தளையைத் தின்று பச்சைக் களிம்பு ஏற்றும். களிம்பு ஏறிய தோட்டா உள்ளே போகும்போதே இறுகும். வெளியே வரும்போது கேட்கவே வேண்டாம். பணி முடிந்ததும் பெல்ட்டிலிருந்து எடுத்து, துணியால் துடைத்து, மூடி இறுக்கமான தகர டப்பாவில் வையுங்கள். தகரக் கூரை போட்ட காவல் கூண்டில் வெயிலில் வைக்காதீர்கள். சூடேறிய மருந்து அதிக அழுத்தம் கொடுக்கும்.

விவசாயிகள் வேறொரு தப்புச் செய்கிறார்கள். யூரியா மூட்டை இருக்கிற அறையிலோ மாட்டுக் கொட்டகைப் பரணிலோ தோட்டாவை வைக்கிறார்கள். இதற்கு நம் நாட்டிலேயே பழைய கதை ஒன்று உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் ராணுவத்தார் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் யாரும் தொடாமலே விரிசல் விட்டன. காரணம் புரியாமல் வெகு காலம் திண்டாடினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாதான், ஈரத்தோடு சேர்ந்து, இறுக்கத்தில் இருக்கிற பித்தளையை வெடிக்க வைக்கிறது என்பது 1921-ல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. மாட்டு மூத்திரத்திலும் ஈரமான யூரியாவிலும் கிளம்புவது அதே அம்மோனியாதான். விரிசல் விட்ட அடிப்பாகம் சுடும்போது கிழியும், கிழிந்த துண்டு சேம்பரில் ஒட்டும், சூடான வாயு பின்பக்கம் கண்ணை நோக்கி வரும்.

இனி தாத்தா காலத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. பர்மிங்காமில் செய்து, மவுண்ட் ரோட்டுப் பழைய கடைகள் வழியாக வந்த துப்பாக்கிகள் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றின் சேம்பர் 2½ அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்று கடையில் அதிகம் கிடைக்கிற தோட்டா 70 மில்லிமீட்டர், 2¾ அங்குலம். "என் துப்பாக்கியில் சரியாக உட்காருகிறதே!" என்பீர்கள். உட்காரும். ஏனென்றால் அந்த 70 என்பது சுட்டு வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். சுடுவதற்கு முன் வாய் மடித்திருப்பதால் குட்டையாக இருக்கும். சுட்டதும் மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகலான கழுத்துக்குள் நுழையும். ரவை போகிற வழி நெருக்கமாகி அழுத்தம் ஏறும், தோட்டாவும் இறுகும். சுட்ட தோட்டாவின் வாய் ஓரம் நைந்து இழுபட்டிருந்தால் இதுதான் காரணம். குழலைக் கழற்றினால் அடிப்பக்கத் தட்டையில் முத்திரைகள் இருக்கும். அதில் 2½ அல்லது 65 என்று இருக்கிறதா, 2¾ அல்லது 70 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் டீலரிடம் அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல் 70 போடாதீர்கள். இந்த ஒரு காரணத்தில் மட்டும் எத்தனை துடைத்தாலும் பயனில்லை.

துரு, பிளாஸ்டிக் படிவு, அழுக்கு இவற்றுக்குத் துடைப்பதுதான் மருந்து. குழலைக் கழற்றி, 12 போர் பித்தளைக் கம்பிப் பிரஷை மண்ணெண்ணெயில் நனைத்து, சேம்பரில் மட்டும் திருகித் திருகி இருபது முப்பது சுற்றுச் சுற்றுங்கள். பழைய சரக்குத் தோட்டா சுட்டிருந்தால் முதலில் கொதிநீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அந்தக் காலத்துக் கேப்பு மருந்து உள்ளே உப்பு விட்டுப் போகும். உப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. கழுவியதும் நன்றாகக் காய வைத்துத் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் பூசுங்கள். சுடப் போகும்போது சேம்பரின் எண்ணெயை உலரத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் ஈரத்தோடு சுட்டால் தோட்டா சுவரைப் பிடிக்காமல் பின்பக்கம் பூட்டின் மேல் பலமாக இடிக்கும்.

உப்புத்தாளை டிரில்லில் சுற்றி ஓட்டுகிறவர்கள் உண்டு. பத்து விநாடியில் சேம்பர் வட்டம் கெட்டுவிடும். திருவொற்றியூரிலும் வியாசர்பாடியிலும் லேத் பட்டறைக்குக் குறைவில்லை. கைராசியான ஆட்கள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்தவர் துப்பாக்கியைத் தொழிலாகப் பழுது பார்க்க ஆயுதச் சட்டம் 5-ஆவது பிரிவின்படி தனி லைசென்ஸ் வேண்டும். தெரிந்த பையனாயிற்றே என்று லேத்தில் கொடுத்தால் அவன் பிழைப்பையும் சேர்த்துக் கெடுக்கிறீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கான தண்டனை மிகக் கடுமை. எக்ஸ்ட்ராக்டர் தேய்மானம், ஊசி ஸ்பிரிங், ஆழமான துருக்குழி மூன்றையும் லைசென்ஸ் பெற்ற டீலரிடமே கொண்டு போங்கள்.

வெள்ளத்தில் நனைந்த தோட்டா பற்றியும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பக்கத்தில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது, எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெயும் கலந்து வந்தது. அப்படி நனைந்த தோட்டாவை வெயிலில் காய வைத்துப் பயன்படுத்த நினைக்காதீர்கள். அரைகுறையாக எரிந்து தக்கையைக் குழலில் விட்டுப் போகிற தோட்டா அதுதான். லைசென்சையும் எடுத்துக்கொண்டு டீலரிடமோ காவல் நிலையத்திலோ கேட்டு ஒப்படையுங்கள். கிணற்றிலும் ஏரியிலும் போடக்கூடாது.

துப்பாக்கி லைசென்ஸ் வேட்டை லைசென்ஸ் ஆகாது என்பதும் தெரிந்திருக்கட்டும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. அதன் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, தீங்குயிர் என்று முன்பிருந்த தனி அட்டவணையையே எடுத்துவிட்டது. காட்டுப்பன்றி, மயில் எதுவானாலும் வனத்துறையிடம் மனுக் கொடுப்பதுதான் வழி.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். குழலைத் தனியே கழற்றி, வாய்ப்பக்கம் கீழாகச் சாய்த்துப் பிடித்து, உங்களிடம் இருக்கிற ஒவ்வொரு தோட்டாவையும் சேம்பரில் போட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே வழுக்கி உள்ளே போய், விளிம்பு சமமாக உட்கார வேண்டும், கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். கட்டை விரலால் அமுக்கினால்தான் உட்காருகிற தோட்டா சுட்ட பிறகு நிச்சயம் ஒட்டும். அதைத் தனியே எடுத்து வையுங்கள். எல்லாத் தோட்டாவும் ஒரே குழலில் மட்டும் இறுகினால் பிரஷும் மண்ணெண்ணெயும் அந்தக் குழலுக்கு. 20 போர் தோட்டா எதாவது கலந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். அது 12 போர் சேம்பரைத் தாண்டி உள்ளே வழுக்கிப் போய்க் குழலில் நிற்கும். காலி என்று நினைத்துப் பின்னால் 12 போடுவார்கள். இரண்டு துப்பாக்கி இருக்கிற வீடுகளில் தோட்டா டப்பாக்கள் ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது.